அதிரப்பள்ளிப் பிரயாணமும் அருவியின் பங்கும்

மேற்கு மலைத்தொடரில் பருவமழை வலுத்ததும், நம் தமிழ்நாட்டு ஜனங்களில் பல்லாயிரம் பேர் அருவிகளைத் தேடிப் புறப்படுவது வருஷந்தோறும் நடந்துவருகிற காரியம். குற்றாலத்தையும் ஒகேனக்கல்லையும் பலமுறை கண்டு அலுத்தவர்கள் இப்பொழுது மலையாள நாட்டு அதிரப்பள்ளியை நாடுகின்றனர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறி, மலக்கப்பாறை வழியாகக் காட்டுச் சாலையில் இறங்கி, அருவியைக் கண்டு, பாலக்காட்டு மார்க்கமாய் வீடு திரும்புவது பலருக்கு வழக்கமாகியிருக்கிறது. இதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. தன் தேசத்து மலைகளையும் நதிகளையும் கண்ணாரக் காணாதவனுக்கு அவற்றின்மேல் பற்று உண்டாவது அரிது. ஆயினும், போகிறவர்கள் எந்த மாதத்தில், எந்த வழியில், எதைத் தெரிந்துகொண்டு போகிறார்கள் என்பதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது. மற்ற இடங்களில் தமிழன் வேடிக்கை பார்த்துவிட்டு வந்துவிடலாம். அதிரப்பள்ளியில் அவ்வாறு வர இயலாது. அந்த ஆற்றோடு அவனுக்குப் பழைய கொடுக்கல் வாங்கல் ஒன்று உண்டு.

சாலக்குடி ஆறு ஆனைமலைக் காடுகளில் உற்பத்தியாகிறது. பரம்பிக்குளம், குரியார்குட்டி, சோலையாறு, காரப்பாறை, ஆனைமலையாறு என்னும் கிளைகள் ஒன்றுகூடித் திருச்சூர் ஜில்லாவின் வனத்தினூடே பாய்ந்து, வாழச்சாலில் பாறைகளின்மேல் நுரைத்துச் சரிகின்றன. அங்கிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கீழே, அதிரப்பள்ளியில், ஏறக்குறைய 80 அடி உயரத்திலிருந்து அந்த ஆறு முழுவதும் ஒரே பாய்ச்சலாகக் குதிக்கிறது. உயரத்தை மாத்திரம் கணக்கிட்டால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கன்னட நாட்டு ஜோக் அருவி 800 அடிக்கு மேற்பட்டது. அதிரப்பள்ளியின் பெருமை நீரின் அகலத்திலும், இரு கரைகளிலும் இன்னும் வெட்டப்படாமல் நிற்கிற காட்டிலும் இருக்கிறது. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' என்னும் சினிமாப் படத்தில் இவ்வருவி காட்டப்பட்டது. அன்றுமுதல் நம்மவரிற் பலர் இதற்கு அப்படத்தின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். ஓர் ஊருக்கு ஆயிரம் வருஷத்துப் பெயர் இருந்தாலும் சினிமாக்காரர் இட்ட பெயரே நிலைக்கும் காலம் இது. போகட்டும்.

எந்த மாதத்தில் போவது என்பதே முதற்கேள்வி. ஆனியிலும் ஆடியிலும் போகிறவன் காண்பது, பாறை முழுவதையும் மூடிக்கொண்டு செந்நிறமாய்க் கலங்கி விழுகிற பெருவெள்ளம். அப்பொழுது எதிர்க்கரையில் நிற்பவன் மேலும் மழைபோலத் திவலை வந்து படியும்; அருவியின் அடிக்குச் செல்லும் பாதையை வன இலாகாவினர் அடைத்துவிடுவதும் உண்டு. புரட்டாசிக்குமேல் நீர் தெளிந்து, மூன்று பெருந்தாரைகளாகப் பிரிந்து வெள்ளை வெளேரென்று விழும். நம்மைக் கேட்டால், புரட்டாசி முதல் மார்கழி வரையில் போவதே உத்தமம் என்போம். ஆனால் நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை புறப்படுவது சித்திரையிலும் வைகாசியிலும்தான்; ஏனெனில் பள்ளிக்கூடங்களுக்கு அப்பொழுதே விடுமுறை. பத்து மணி நேரம் பிரயாணம் செய்து அங்கே போய்ச்சேர்ந்து, கரும்பாறையின்மேல் இரண்டொரு வெள்ளைக் கோடுகள் இழைவதைப் பார்த்துவிட்டு, 'படத்தில் கண்டது இதுதானா?' என்று குழந்தைகள் கேட்கத் தலையைச் சொறிந்துகொண்டு திரும்புகிறார்கள்.

குழந்தைகளின் கேள்விக்கு நேர்மையான விடை சொல்லவேண்டும். வேனிலில் அருவி மெலிவது இயல்பே. எனினும் இவ்வளவு மெலிவதற்குச் சூரியன் ஒருவன்மேலேயே பழியைப் போடுவது நியாயமாகாது. அருவிக்கு மேலே இந்த ஆற்றிலும் இதன் கிளைகளிலும் ஆறு அணைகள் நிற்கின்றன. அவற்றுள் மேல் சோலையாற்று அணை தமிழ்நாட்டில் உள்ளது. பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்றும் கேரள மண்ணில் நிற்பவை. ஆயினும் அவற்றை நடத்துவது தமிழ்நாட்டு சர்க்கார். பரம்பிக்குளத்து நீர் மலையைத் துளைத்த சுரங்கத்தின் வழியாக வந்து, சர்க்கார்பதி மின்சார நிலையத்தில் இறங்கி, கால்வாயில் ஏறித் திருமூர்த்தி அணைக்கும் ஆழியாற்றுக்கும் செல்கிறது. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம், காங்கேயம் பகுதிகளில் ஏறக்குறைய நான்கு லட்சம் ஏக்கர் நிலம் இந்தத் திட்டத்தை நம்பியிருக்கிறது. மேற்கே கடலுக்குப் போகவேண்டிய நீரைக் கிழக்கே வறண்ட கொங்கு நாட்டுக்குத் திருப்பியது நம் இஞ்சினீயர்கள் செய்த அரிய காரியம்; அதைக் குறித்து வெட்கப்படவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஆனால் உண்மையை உண்மையாகச் சொல்லவேண்டும். பொள்ளாச்சித் தோப்பில் இளநீர் வெட்டிக் குடிக்கிறவன் அதிரப்பள்ளி அருவியில் ஒரு கை அள்ளிக் குடித்தவனே ஆவான்.

இந்தப் பங்கீட்டுக்குச் சட்டப்படியான ஏற்பாடு ஒன்று உண்டு. 1970-ஆம் வருஷம் மே மாதம் 29-ஆம் தேதி இரு ராஜ்யங்களும் பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது 1958 நவம்பர் 9 முதலே அமுலுக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. கேரளத்துச் சோலையாற்று அணைக்கு வருஷந்தோறும் 12.3 டி.எம்.சி. நீர் கிடைக்கச் செய்யவேண்டும் என்றும், செப்டம்பர் 1-ஆம் தேதியும் பிப்ரவரி 1-ஆம் தேதியும் அவ்வணை நிறைந்திருக்கவேண்டும் என்றும் அதில் விதிகள் உள்ளன. இத்தேதிகளைப் பற்றி இரு பக்கத்து அதிகாரிகளும் வாதாடாத வருஷம் அரிது. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு, கேரளத்துக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, பயிருக்கு இவ்வளவு என்று கணக்கு வரையப்பட்டது. ஆறு ஆறாக ஓடுவதற்கென்று ஒரு பங்கு மட்டும் ஒதுக்கப்படவில்லை. அக்காலத்தில் அதைக் குறித்து யோசிப்பார் இல்லை. ஓடுகிற நீரெல்லாம் வீண் என்பதே அந்நாளைய சித்தாந்தம்.

குற்றம் முழுவதும் தமிழ்நாட்டினுடையது என்று யாரும் எண்ணிவிடவேண்டாம். அருவிக்கு மேலே கடைசியாக நிற்பது பெரிங்கல்குத்து அணை. 1957-இல் மின்சார உற்பத்தியைத் தொடங்கிய அது கேரள மின்சார வாரியத்துக்குச் சொந்தம். மழை முடிந்தபிறகு அதிரப்பள்ளியில் விழுவது பெரும்பாலும் அங்கே யந்திரங்களைச் சுழற்றிவிட்டு வெளிவருகிற நீர்தான். மாலையில் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கி மின்தேவை ஏறும்போது யந்திரங்கள் முழு வேகத்தில் ஓடும், நீரும் பெருகும். பகலில் தேவை குறையும்போது அடக்கிவைப்பார்கள்; ஆறும் அடங்கும். அருவியைப் பார்க்க ஜனங்கள் கூடுவதோ பகலில். இதனால் வரும் நஷ்டம் பார்வையாளர்களுக்கு மட்டும் என்றால் நாம் இவ்வளவு எழுதமாட்டோம். கீழே தும்பூர்முழியில் ஒரு தடுப்பணையிலிருந்து இரு கரைகளுக்கும் பாசனக் கால்வாய்கள் பிரிகின்றன. ஆற்றின் நீர் நாழிகைக்கு ஒரு விதமாக ஏறி இறங்கினால், கால்வாயின் கடைமடையில் இருக்கும் குடியானவனுக்கு எப்படி நீர் போய்ச்சேரும்? அன்றியும், பாறையிடுக்கில் இறங்கிக் குளிக்கிறவர்கள் அறியவேண்டிய செய்தியும் இதில் இருக்கிறது: வானத்தில் மேகம் இல்லாத நாளிலும் இந்த ஆறு திடீரென்று உயரும். வாழச்சாலிலும் அதிரப்பள்ளியிலும் நீரில் இறங்காதே என்று காவலர்கள் சொன்னால், அது வெறும் அதிகார மிடுக்கு என்று எண்ணுகிற இளைஞர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இத்துடன் நிற்காமல் ஏழாவது அணை ஒன்றையும் கட்டிவிடவேண்டும் என்று வெகுகாலம் முயற்சி நடந்தது. வாழச்சாலுக்குச் சற்று மேலே 23 மீட்டர் உயரத்தில் அணை கட்டி, நீரைச் சுரங்கத்தில் செலுத்தி, அருவிக்குக் கீழே கண்ணங்குழியில் வெளிவிட்டு 163 மெகாவாட் மின்சாரம் எடுப்பது என்பது திட்டம். அதாவது, நீர் அருவியைத் தொடாமலே அதைக் கடந்துபோகும். அருவிக்கென்று ஒரு சிறு அளவு மட்டும் திறந்துவிடப்படும். கேரளத்துக்கு மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. இருட்டில் இருந்துகொண்டு அருவியின் அழகைப் பாடு என்று எந்த ராஜ்யத்துக்கும் உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் மேலே ஆறு அணைகள் தடுத்தது போக மிஞ்சிய நீரைக்கொண்டு வேனிற்காலத்தில் எவ்வளவு மின்சாரம் எடுக்கமுடியும் என்ற கேள்வியை எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அதற்குத் திருப்திகரமான விடை வந்ததாக நாம் கருதவில்லை. மத்திய சர்க்கார் வழங்கிய அனுமதியைக் கேரள உயர் நீதிமன்றம் 2001-லும் 2006-லும் ரத்துச் செய்தது. மாதவ் காட்கில் தலைமையில் அமைந்த மேற்கு மலைத்தொடர் நிபுணர் குழு 2011-இல் இந்தத் திட்டம் கூடாது என்று எழுதிற்று. 2020-இல் கேரள சர்க்கார் மீண்டும் ஒருமுறை இதற்கு உயிர் கொடுக்க முயன்று, அபிப்பிராய ஒற்றுமை இல்லையென்று 2021-இல் கைவிட்டதாக அறிவித்தது. இந்த இழுபறி முழுவதிலும் ஆற்றின் பக்கம் நின்று உழைத்தவர்களுள் டாக்டர் ஏ. லதா முக்கியமானவர். விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர், அதை விட்டுவிட்டு நதிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலேயே காலத்தைச் செலவிட்டு, 2017-இல் காலமானார். அருவிக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிற நம்மவரில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

அணை வந்திருந்தால் முதலில் இடம்பெயர வேண்டியிருந்திருக்கும் ஜனங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வாழச்சால், பொகலப்பாறை முதலிய இடங்களில் ஆற்றங்கரையை ஒட்டிக் காடர்கள் வாழ்கின்றனர். தமிழ்நாட்டு ஆனைமலையிலும் அதே ஜனங்கள் உள்ளனர். கொச்சி சமஸ்தானத்தார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பரம்பிக்குளத்துத் தேக்கு மரங்களைச் சாலக்குடி ரயிலடிக்குக் கொண்டுபோவதற்காக 80 கிலோமீட்டர் அளவில் ஒரு டிராம் பாதை போட்டார்கள். 1963-இல் அது நின்றது. அந்தப் பாதையில் மரங்கள் இறங்கியதைக் காடர்கள் பார்த்தார்கள். பிறகு பரம்பிக்குளம், சோலையாறு, பெரிங்கல்குத்து என்று அணைகள் எழுந்தபோது தங்கள் குடிசைகளைப் பெயர்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2014-இல் வாழச்சால் பகுதியின் ஒன்பது குடியிருப்புகளுக்குச் சமுதாய வன உரிமை வழங்கப்பட்டது. இனி அவர்களுடைய கிராம சபையைக் கேளாமல் அங்கே ஒரு காரியம் செய்வது சட்டத்துக்கு விரோதம். காடர்களிற் சிலர் வன இலாகாவோடு சேர்ந்து இருவாட்சிப் பறவைகளின் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். தென்னாட்டில் உள்ள நான்கு வகை இருவாட்சிகளும் இந்தக் காட்டில் உண்டு. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிட்டு அடைகாக்க, ஆண் பறவை வெளியிலிருந்து ஒரு சிறு துவாரத்தின் வழியாக இரை ஊட்டும். அந்தச் சமயத்தில் ஆண் பறவைக்கு ஆபத்து வந்தால் உள்ளிருப்பவையும் பட்டினியால் மடிய நேரும். முன்னே குஞ்சுகளைப் பிடித்து உண்டவர்களே இப்பொழுது காவலராயிருக்கிறார்கள் என்பதை, சாலையில் நிறுத்தி நொறுக்குத் தீனிப் பைகளை வீசிவிட்டுப் போகிற படித்த கனவான்கள் அறியவேண்டும்.

சாலையைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை; சொல்லுகிற கொஞ்சமும் முக்கியமானது. வாழச்சாலுக்கும் மலக்கப்பாறைக்கும் இடையில் உள்ளது அடர்ந்த காடு. இரு முனைகளிலும் வன இலாகாவின் சோதனைச் சாவடி உண்டு. இரவில் வழி மூடப்படும். புறப்படுமுன் எந்த மணி வரையில் வண்டிகளை விடுகிறார்கள், இருசக்கர வண்டிகளுக்கு என்ன விதி என்பதை விசாரித்துக்கொள்வது நலம். இவ்விதிகள் அடிக்கடி மாறுகின்றன. வால்பாறையில் காலைச் சிற்றுண்டியை முடித்துப் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குள் அருவியை அடையலாம். நடுவில் தங்கவோ உண்ணவோ இடம் தேடவேண்டாம். யானைகள் குறுக்கிட்டால் வண்டியை நிறுத்திப் பின்வாங்குவதே வழி. 2022 நவம்பரில் கபாலி என்று அழைக்கப்பட்ட ஒரு கொம்பன் யானை எதிரே வர, பஸ் ஓட்டுநர் ஒருவர் எட்டுக் கிலோமீட்டர் தூரம் பின்னோக்கியே ஓட்டிச்சென்றார். அந்தப் பொறுமை அவருக்கு இருந்தது. நம் இளைஞர்கள் யானைக்கு அருகே இறங்கிப் படம் எடுக்கிறார்கள். அவ்வாறு சீண்டப்பட்ட யானையின் கோபம் அடுத்த நாள் தேன் எடுக்கப் போகிற காடன்மேல் இறங்கலாம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. 2025 ஏப்ரலில் அதிரப்பள்ளிக்கருகே காட்டுப் பொருள்கள் சேகரிக்கச் சென்றிருந்த பழங்குடியினர் இருவர் யானையால் மாண்டனர். நாம் ஒரு நாள் கடந்துபோகிற காட்டில் அவர்கள் ஒவ்வொரு நாளும் உறங்கி எழுகிறார்கள்.

இனி, பங்கு விஷயத்துக்கு வருவோம். 1970 உடன்படிக்கையை முப்பது வருஷங்களுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம் என்பது அதன் விதி. 1988-இல் அந்தத் தவணை வந்தது; ஒன்றும் முடிவாகவில்லை. 2018-இல் மறுபடியும் வந்தது. 2019 செப்டம்பரில் இரு ராஜ்யங்களின் முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்து, இதைப் பற்றிப் பேசக் குழு அமைப்பது என்று தீர்மானித்தார்கள். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பக்கம் பாசனத்துக்கும் மறு பக்கம் மின்சாரத்துக்கும் வாதாடுவார்கள். அருவிக்கு வக்கீல் யார்?

பொள்ளாச்சிக் குடியானவர்கள் உடனே நம்மேல் சினங்கொள்ளக்கூடும். 'எங்கள் வாய்க்காலுக்கே முறைவைத்துத்தான் நீர் விடுகிறார்கள். நீங்கள் வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக எங்கள் பங்கில் கைவைக்கச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இது. முதலில் செய்யவேண்டிய காரியத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சொட்டு நீரும் வேண்டியதில்லை. பெரிங்கல்குத்தில் மாலையில் மட்டும் பெருக்கிவிடுகிற நீரைப் பகலிலும் இரவிலும் ஒரே சீராக விடுவதற்குக் கேரள மின்சார வாரியம் உடன்பட்டாலே, வேனிலில் அருவிக்கும் தும்பூர்முழிக் கால்வாய்களுக்கும் பாதி துன்பம் தீரும். அதனால் மாலை நேரத்தில் குறையும் மின்சாரத்தை வேறிடத்திலிருந்து பெறுவதற்கு இன்று வழியில்லாமற் போகவில்லை. இரண்டாவது, பிப்ரவரி 1-ஆம் தேதி சோலையாற்றை நிறைத்துவைப்பதாக நாம் கையெழுத்திட்ட வாக்கை, ஒவ்வொரு வருஷமும் பேரம் பேசாமல் நிறைவேற்றுவது. இது புதிய தியாகம் அன்று, பழைய கடமையே. இவை இரண்டும் நடந்தபிறகும் குறை இருந்தால், அப்பொழுது இரு தரத்தாரும் சேர்ந்து எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று பேசட்டும். மழை மிகுந்த வருஷத்தின் நிலைமையையும் அதே பேச்சில் சேர்த்துக்கொள்ளவேண்டும். 2018 ஆகஸ்டில் பெரிங்கல்குத்து அணையின் உச்சியைத் தாண்டி வெள்ளம் வழிந்ததையும், சாலக்குடி நகரம் மூழ்கியதையும் கேரளத்தார் மறக்கவில்லை. மேல் அணைகளில் எப்பொழுது எவ்வளவு திறக்கிறோம் என்பதை முன்கூட்டியே கீழே உள்ளவர்களுக்குச் சொல்வது அண்டை வீட்டார் செய்யவேண்டிய மரியாதை.

ஆகவே, இரு பக்கத்து இஞ்சினீயர்களும் மறுபடி கூடும்போது அவர்கள் விரித்துவைக்கும் கணக்கில் மூன்றாவது பத்தி ஒன்று இருக்கவேண்டும் என்று கோருகிறோம். மாசி முதல் வைகாசி முடிய, வாழச்சாலிலும் அதிரப்பள்ளியிலும் இரவு பகல் ஓடவேண்டிய நீரின் அளவு அதில் எழுதப்படவேண்டும். காடர்களின் கிராம சபையிலிருந்தும் தும்பூர்முழிப் பாசனக்காரர்களிலிருந்தும் பிரதிநிதிகளை அழைத்து அந்த அளவை நிர்ணயிக்கட்டும். பிறகு, அன்றன்று எந்த அணையிலிருந்து எவ்வளவு நீர் விடப்பட்டது என்பதைப் பொள்ளாச்சி, வால்பாறை, சாலக்குடி பஸ் நிலையங்களில் தமிழிலும் மலையாளத்திலும் பலகையில் எழுதிவைக்கட்டும். பிரயாணச் சீட்டு வாங்க நிற்கிறவன் அதைப் படித்துக்கொண்டு நிற்பான். அதற்கு ஒரு பலகையும் சாக்குக்கட்டியும் போதும்.